தடைக்காலம் முடிந்து கடலுக்குத் திரும்பும்போது

(ஜூன் முதல் வாரத்தில், இராமேஸ்வரம் தீவின் கடற்கரைக் கிராமம் ஒன்றில் மீனவக் குடும்பங்களுக்கு எங்கள் மருத்துவக் குழுவினர் ஆற்றிய உரை. வாசகர்களின் பயன் கருதி இங்கே தரப்படுகிறது.)



உங்கள் ஊருக்கு வந்து கடலைப் பற்றிப் பேச எங்களுக்குத் தகுதி இல்லை. ஆண்கடல் எப்போது சீறும், பெண்கடல் எப்போது அடங்கும் என்பது இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சிறு பிள்ளைகளுக்குக்கூட எங்களைவிட நன்றாகத் தெரியும். நாங்கள் பேச வந்தது சரீரத்தையும் மனதையும் பற்றி மட்டுமே. இந்த மாதம் 14-ஆம் தேதியோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. ஏப்ரல் 15 முதல் கரையில் நின்ற விசைப்படகுகள் மறுபடியும் டோக்கன் வாங்கிப் புறப்படப் போகின்றன. படகுக்கு வர்ணம் அடித்தாயிற்று, எஞ்சினைப் பிரித்துப் பார்த்தாயிற்று, மடியைச் சரி செய்தாயிற்று. அதில் ஏறப்போகிற மனிதனை யாராவது பிரித்துப் பார்த்தார்களா? அதுதான் எங்கள் கேள்வி.

தமிழகக் கரையில் இந்தத் தடை 2001-ஆம் ஆண்டு 45 நாட்களாகத் தொடங்கியது. 2017 முதல் 61 நாட்களாயிற்று. மீன் இனம் பெருகுவதற்காகக் கடலுக்குக் கொடுக்கப்படும் ஓய்வு இது. கடல் ஓய்வெடுக்கிறது, சரி. மீனவன் ஓய்வெடுக்கிறானா? ரூ.5000 ஆக இருந்த தடைக்கால நிவாரணத்தை ரூ.8000 ஆக உயர்த்துவதாக 2023-இல் அரசு அறிவித்தது. 61 நாட்களுக்கு அதைப் பங்கிட்டால் நாளொன்றுக்கு ஒரு குடும்பத்துக்கு 131 ரூபாய். எனவே சிலர் மேற்குக் கரைக்குப் போய் அங்கே தடை தொடங்கும்வரை வேலை செய்கிறார்கள், சிலர் கட்டட வேலைக்குப் போகிறார்கள், மற்றவர்கள் படகு உரிமையாளரிடம் முன்பணம் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். இதற்கு ஓய்வு என்று பெயர் வைத்தவர் கரையில் இருந்து பார்த்திருக்க மாட்டார்.

இரண்டு மாதம் வேறு விதமாக ஓடிய சரீரம், ஒரே இரவில் பழைய வேலைக்குத் திரும்பாது. நீங்கள் காலையில் புறப்பட்டு, இரவெல்லாம் மடியை இழுத்து, மறுநாள் காலையில் கரை சேருகிறவர்கள். கரையில் இருந்த நாட்களில் பத்து மணிக்குப் படுத்து ஏழு மணிக்கு எழுந்து பழகியாயிற்று. நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அது நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு மேல் நகர மறுக்கும். ஆகவே புறப்படும் நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகவே தூக்க நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றத் தொடங்குங்கள். முதல் பயணத்துக்கு முந்தின இரவு நன்றாகத் தூங்குங்கள். முடிந்தால் படகிலும் முறை வைத்து ஒரு மணி நேரமாவது ஒருவர் மாற்றி ஒருவர் கண்ணயருங்கள். தூக்கமில்லாத மனிதனின் கை தடுமாறும். விஞ்சுக்கும் கயிற்றுக்கும் இடையே ஒரு விரல் போவதற்கு ஒரு நொடி போதும்.

கையையும் கவனியுங்கள். உப்புத் தண்ணீரிலும் கயிற்றிலும் காய்த்துப் போயிருந்த உள்ளங்கை இந்த இரண்டு மாதத்தில் மெத்தென்று ஆகியிருக்கும். முதல் நாளே கொப்புளம் வரும், கீறல் வரும். மீன் முள் குத்தினால் நல்ல தண்ணீரில் கழுவி மூடி வையுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று நினைவில்லாதவர்கள் இன்றே எங்கள் செவிலியரிடம் சொல்லுங்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் இரண்டு காரியங்களை மறக்க வேண்டாம். மாத்திரை போட்டுவிட்டு மடி ஏறும் அவசரத்தில் சாப்பாட்டை விட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். சட்டைப் பையில் கொஞ்சம் வெல்லமோ குளுக்கோஸோ இருக்கட்டும். இன்சுலின் போடுகிறவர்கள் மருந்தை நேராக ஐஸ்மீது வைக்க வேண்டாம், உறைந்த இன்சுலின் வீண். ரத்த அழுத்த மாத்திரையைக் கரையில் விட்டுவிட்டுப் போகிற பழக்கமும் இங்கே உண்டு என்று அறிகிறோம். கடலில் ரத்த அழுத்தம் விடுமுறை எடுப்பதில்லை!

இப்போது, எல்லாரும் அறிந்தும் யாரும் பேசாத ஒன்றைப் பேசுகிறோம். தாய்மார்கள் தலை குனிய வேண்டாம், சகோதரர்கள் எழுந்து போகவும் வேண்டாம். குற்றம் சாட்ட நாங்கள் வரவில்லை. இந்த இரண்டு மாதத்தில் குடி கூடியிருக்கும். வேலை இல்லை, கடன் இருக்கிறது, கூட்டாளிகள் கூப்பிடுகிறார்கள். மாலையில் மட்டும் என்று ஆரம்பித்தது காலையிலும் என்று ஆகியிருக்கும். அப்படித் தினமும் குடித்து வந்தவர் 15-ஆம் தேதி வைராக்கியமாக, "இனி தொழில் இருக்கிறது, தொட மாட்டேன்" என்று ஒரேயடியாக நிறுத்திவிட்டுப் படகில் ஏறுகிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. நிறுத்திய சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத ஆளைப் பார்த்துப் பேசுவார்கள், தண்ணீருக்குள் யாரோ கூப்பிடுவதாகச் சொல்வார்கள். கரையில் வந்தால் கட்டிலில் படுக்க வைக்கலாம். நடுக்கடலில், இருட்டில், படகின் விளிம்பில் வந்தால் என்ன ஆகும் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. "பேய் இழுத்துவிட்டது" என்று பிறகு ஊர் பேசும்.

ஆகையால் தினமும் குடிப்பவர்கள் நிறுத்த விரும்பினால், தயவுசெய்து இன்றே வந்து எங்களிடமோ அரசு மருத்துவமனையிலோ சொல்லுங்கள். இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்க மருந்து உண்டு, தயாமின் என்ற வைட்டமின் ஊசி உண்டு. அந்த ஒரு வாரம் மருத்துவரின் கண்காணிப்பில் கடந்துவிட்டால் தெளிந்த தலையோடு படகில் ஏறலாம். ஒரு பயணம் தாமதமானாலும் பரவாயில்லை. குடித்துவிட்டுப் போவது இதற்கு மாற்று என்று யாரும் நினைக்க வேண்டாம், அது வேறொரு வழியில் அதே தண்ணீருக்குக் கொண்டு போகும்.

படகில் யாருக்காவது வலிப்பு வந்தால் எஞ்சினிலிருந்தும் விஞ்சிலிருந்தும் விலக்கி, தட்டையான இடத்தில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்குக் கீழே துண்டை மடித்து வையுங்கள். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது நம் ஊர்களில் எல்லாம் உள்ள பழக்கம். அதனால் வலிப்பு நிற்காது. வாயில் எதையும் வைக்கக் கூடாது, தண்ணீரும் ஊற்றக் கூடாது. அடங்கும்வரை ஒருவர் பிடித்துக் காத்திருங்கள், பிறகு கரைக்குத் திரும்புங்கள். மீன் பின்னால் வரும்.

அடுத்து மனதின் பாரம். பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேல் வீசினால் சிக்னல் தானாகவே சிவப்பாகிவிடும், இரயில் நின்றுவிடும் என்று உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். 1914 முதல் நின்ற அந்தப் பாலம் 2022 டிசம்பரோடு ஓய்வு பெற்று, 2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறந்தாயிற்று. மனித மனதிலும் அப்படிப்பட்ட சிக்னல்கள் உண்டு. தூக்கம் கெடும். சின்னக் காரியத்துக்குப் பிள்ளையை அடிக்கக் கை ஓங்கும். கழுத்தும் தோளும் இறுகும், வயிறு எரியும், சாப்பாடு இறங்காது, எதையும் தொடங்க மனம் வராது. இவற்றைக் கண்டால் கொஞ்சம் நில்லுங்கள். மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து வெளியே விடுங்கள். ஐந்து நிமிடம் செய்தால் படபடப்புக் குறையும். விடியுமுன் கரையோரம் அரை மணி நேரம் நடந்தாலும் அப்படியே.

ஆனால் கடன் மூச்சுப் பயிற்சியால் தீராது, அதையும் ஒப்புக்கொள்கிறோம். டீசல், ஐஸ், மடி, எஞ்சின் என்று வாங்கிய கடன், வீட்டுச் செலவுக்கு வாங்கிய வட்டிப் பணம், ஜூன் மாதத்திலேயே திறக்கிற பள்ளிக்கூடத்தின் நோட்டு, புத்தகப் பை, சீருடை, எல்லாம் ஒரே வாசலில் வந்து நிற்கின்றன. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் தொழில். முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் அடைத்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு முதல் பாடு குறைந்தால் நெஞ்சு உடைந்துவிடும். அது மட்டுமல்ல, அந்த அவசரம்தான் காற்று எச்சரிக்கையை மீறச் சொல்லும், போகக் கூடாத இடத்துக்குப் போகச் சொல்லும். எனவே கடலுக்குப் போகுமுன் ஒரு சாயங்காலம் கணவனும் மனைவியும் உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு, எதை முதலில், எதை ஆடியில், எதை தீபாவளிக்குப் பிறகு என்று ஒரு தாளில் எழுதுங்கள். மறைத்த கடன் எதுவும் அந்தத் தாளுக்கு வெளியே இருக்க வேண்டாம். தலைக்குள் சுற்றுகிற கடன் தாளில் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும்.

தாய்மார்களே, உங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 61 நாள் கணவர் வீட்டில் இருந்தது உங்கள் நாளின் ஒழுங்கையும் மாற்றியிருக்கும். சமையல் நேரம், பிள்ளைகளின் படிப்பு, கருவாட்டு வேலை எல்லாம் இடம் மாறியிருக்கும். பாசி எடுக்கப் போகிறவர்களுக்கு அமாவாசை, பௌர்ணமிக் கணக்கும் உண்டு. இப்போது மறுபடியும் தனியாக வீட்டை நடத்த வேண்டும், இரவில் காத்திருக்கவும் வேண்டும். அந்தக் காத்திருப்புத்தான் இந்தக் கரையின் பெரிய வியாதி என்று எங்களுக்குத் தோன்றுகிறது. இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது என்று போனில் ஒரு செய்தி வந்தால், எந்தப் படகு, யார் என்று தெரியுமுன்னே தெரு முழுவதும் அழுகை. கண்டவர் அனுப்பும் செய்தியை நம்பாமல், சங்கத்தில் ஒருவரை மட்டும் கேட்பது என்று தெருவுக்குத் தெரு பேசி முடிவு செய்யுங்கள். தனியாகக் காத்திருக்கவும் வேண்டாம், இரண்டு வீட்டார் ஒரு திண்ணையில் இருங்கள்.

சிறையிலிருந்து திரும்பியவர்களும் இங்கே இருக்கிறீர்கள். 1974-இல் கடலில் போட்ட கோட்டைப் பற்றியும், இழுவை மடியால் மறுகரைத் தமிழ் மீனவர்கள் படும் கஷ்டத்தைப் பற்றியும் பேச இது இடமல்ல, இரண்டும் உண்மை. நாங்கள் பார்ப்பது, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ அடைபட்டு, படகையும் இழந்து வந்து நிற்கிற மனிதனை. வந்த அன்றே வீடு நிறைய ஆட்கள், "என்ன நடந்தது, சொல்" என்கிறார்கள். பத்துத் தடவை சொல்ல வைக்காதீர்கள். அவர் சொல்ல விரும்பும்போது ஒருவர் கேட்டால் போதும். இரவில் திடுக்கிட்டு எழுவார், எஞ்சின் சத்தத்துக்கு உடம்பு பதறும், அடுத்த டோக்கனுக்குப் போக மறுப்பார். அதைக் கோழைத்தனம் என்று சொல்லாதீர்கள். முதலில் கரையில் வலை வேலை, பிறகு பகலில் நாட்டுப்படகில் கிட்டத்துக் கடல், பிறகு தூரம் என்று படிப்படியாகத் திரும்பட்டும். அவர் இல்லாத நாட்களில் வீட்டை நடத்தியவர் மனைவி. வந்தவுடன் அந்தப் பொறுப்பை அவர் கையிலிருந்து பறிக்கவும் வேண்டாம். ஒரு மாதம் கழித்தும் தூக்கம் வரவில்லை, பயம் தெளியவில்லை என்றால் மருத்துவரிடம் வர வேண்டும்.

மனதுக்கு வைத்தியம் என்றால் இந்த மாவட்டத்தில் இன்னும் ஒரு கூச்சம் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியில் கட்டி வைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்களில் பலர் பாசமில்லாதவர்கள் அல்ல, வேறு வழி தெரியாதவர்கள். இன்று வழி இருக்கிறது. 14416 என்ற டெலி-மனாஸ் எண் 2022 முதல் இயங்குகிறது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம், இரவிலும் பேசலாம். "இனி இருந்து என்ன பயன்" என்று யாராவது சொன்னால் அதை விளையாட்டாக எடுக்காமல், பக்கத்தில் ஒருவர் இருந்துகொண்டு, அந்த எண்ணைக் கூப்பிடுங்கள்.

நேரமாகிவிட்டது, வெயில் ஏறுகிறது. வேப்ப மரத்தடியில் இரண்டு மேசைகள் போட்டிருக்கிறோம். ரத்த அழுத்தம், சர்க்கரை பார்ப்பதும் ஊசியும் முதல் மேசையில். குடியை நிறுத்துவது பற்றிப் பேச விரும்புகிறவர்களுக்காக ஓலைத் தடுப்புக்குப் பின்னால் மருத்துவர் தனியே இருக்கிறார். அங்கே பெயர் எழுதும் வரிசை கிடையாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் படகுக்குப் பத்து வீதம் கொண்டுவந்திருக்கிறோம். ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர், குறைக்க வேண்டாம். டிரைவர்கள் முதலில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.