கல்லூரியும் திருச்சபையும்
(பழைய மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



யாழ்ப்பாணக் கல்லூரி கஷ்டப்பட்டால் திருச்சபை பார்த்துக்கொள்ளும் என்று சிலர் சொல்லுவினம். திருச்சபை விலகினால்தான் கல்லூரி உருப்படும் என்று வேறு சிலர் சொல்லுவினம். இரண்டு பேருக்கும் எங்கட சரித்திரமே பதில் சொல்லும்.

1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கினார்கள். டானியல் பூர் அதன் முதல் அதிபர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள். அப்படிப்பட்ட இடத்தைத் தொடங்கின மிஷன் சங்கமே 1855இல் மூடியது. ஆங்கிலம் படித்த பொடியள் போதகராகாமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகினம், கிராமச் சபைகளுக்குத் தமிழில் படித்த ஊழியர்தான் வேணும் என்பது பொஸ்டனிலிருந்து வந்த செயலாளர் றூபஸ் அண்டர்சனின் எண்ணம். மிஷன் பக்கத்தில் அது நியாயமாக இருக்கலாம். ஆனால் முடிவு ஊரவர் கையில் இருக்கவில்லை.

ஊரவர்கள் சும்மா இருக்கவில்லை. பணம் சேர்த்தார்கள், அமெரிக்க நண்பர்களின் உதவியையும் பெற்றார்கள். 17 வருஷம் கழித்து, 1872இல், யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது. முதல் அதிபர் ஹேஸ்ரிங்ஸ் மிஷனரிதான். ஆக, ஊர் தனியாகவும் செய்யவில்லை, திருச்சபை தனியாகவும் செய்யவில்லை.

1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மிஷன் சபைகள் அதன் யாழ். ஆதீனமாயின. 1960களின் தொடக்கத்தில் அரசு பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது எங்கட கல்லூரி கட்டணம் வாங்காத தனியார் பாடசாலையாக நின்றது. அந்தத் துணிவுக்கு விலை உண்டு. வெளிநாட்டு நிதியையும் நன்கொடையையும் நம்பி வாழ வேண்டி வந்தது.

நான் பொறியியலாளன். கட்டட வரைபடத்தில் எந்தத் தூண் எவ்வளவு பாரம் தாங்குது என்று எழுதியிருக்கும். நிர்வாகத்திலும் அப்படி எழுதிவைக்க வேணும். திருச்சபைக்கு எது, இயக்குநர் சபைக்கு எது, அதிபருக்கு எது, நிதி தருபவர்களுக்கு எது? இது தெளிவில்லாத இடத்தில் சண்டை வரும்; பாரம் பிள்ளைகளின் தலையில் விழும்.

என்ர வேண்டுகோள் இரண்டு. வருஷந்தோறும் கணக்கறிக்கை பெற்றோருக்கும் பழைய மாணவருக்கும் கிடைக்க வேணும். அதிபர் நியமனத்துக்கான தகுதிகள் முன்கூட்டியே பகிரங்கமாக வேணும். இதைக் கேட்பது திருச்சபைக்கு விரோதம் அல்ல. 1872இல் சேர்ந்து கட்டினவர்களின் பிள்ளைகளுக்குள்ள உரிமை.

மாணவர்களே, நாளைக்கு இந்தச் சங்கத்தில் இருக்கப்போவது நீங்கள்தான். காசும் குடுங்கோ, கணக்கும் கேளுங்கோ.