கடல் தாண்டாத செய்தி



இரண்டு நாடுகள் போரிடும்போது, எந்தப் பக்கமும் சேராத மூன்றாவது நாட்டின் கப்பல் இரு தரப்புத் துறைமுகங்களுக்கும் சரக்கு கொண்டுபோகலாமா? பிரிட்டனும் நெப்போலியனும் மோதிக்கொண்டிருந்த நாட்களில் அமெரிக்கா, 'தாராளமாகப் போகலாம்' என்றது. அந்த நியாயத்தில் நல்ல லாபமும் இருந்தது. பிரெஞ்சுத் தீவுகளின் சர்க்கரையையும் காப்பியையும் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கிச் சுங்கம் கட்டுவார்கள். பிறகு மறுபடி ஏற்றி ஐரோப்பாவுக்கு அனுப்புவார்கள். கட்டிய சுங்கத்தில் பெரும்பகுதி கைக்குத் திரும்பிவிடும். 1805-இல் 'எசெக்ஸ்' என்ற கப்பலின் வழக்கில், இந்த வித்தை இனிச் செல்லாது என்றது பிரிட்டிஷ் நீதிமன்றம்.

அடுத்த ஆண்டு நெப்போலியன் பிரிட்டனோடு வியாபாரமே கூடாதென்று பெர்லினிலிருந்து ஆணையிட்டார். ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல் முதலில் எங்கள் துறைமுகத்துக்கு வந்து வரி கட்டட்டும் என்று 1807-இல் பிரிட்டன் பதில் ஆணை போட்டது. அப்படி வரி கட்டிய கப்பலை நாங்கள் பறிமுதல் செய்வோம் என்றார் நெப்போலியன். அமெரிக்கக் கப்பல்காரருக்கு மத்தளம்போல இரண்டு பக்கமும் அடி.

சரக்கோடு நின்றிருந்தால் வழக்காடியே தீர்த்திருக்கலாம். பிரிட்டிஷ் கடற்படை அமெரிக்கக் கப்பல்களில் ஏறி, தங்கள் குடிகள் என்று சொல்லி மாலுமிகளையும் பிடித்துக்கொண்டு போனது. 1807 ஜூனில் வர்ஜீனியா கரைக்கு அப்பால், தப்பியோடிய மாலுமிகளைத் தேடி 'லெப்பர்ட்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல், 'செசபீக்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலையே சுட்டது. மூன்று பேர் அங்கேயே இறந்தார்கள். நால்வரைப் பிடித்துச் சென்றார்கள்.

ஜனாதிபதி ஜெஃபர்சன் போருக்குப் போகவில்லை. தன் நாட்டுக் கப்பல்கள் வெளிநாடு போகவே தடை விதித்தார். 1807-இல் சுமார் 10.8 கோடி டாலராக இருந்த ஏற்றுமதி, மறு ஆண்டு 2.2 கோடிக்கு விழுந்தது. கனடா எல்லையில் கள்ளக்கடத்தல் கொழித்தது. எதிரியைப் பட்டினி போடத் தன் அடுப்பை அணைத்த கதை இது என்றே எனக்குப் படுகிறது. 1809-இல் அந்தச் சட்டம் போயிற்று.

அமெரிக்கச் சந்தை போனது பிரிட்டனின் ஆலை முதலாளிகளையும் சுட்டது. ஆணைகளை விடாமல் பிடித்திருந்த பிரதமர் பெர்சிவல் 1812 மே மாதம், தன் சொந்தக் குறைக்காகக் கறுவிக்கொண்டிருந்த ஒரு வணிகரால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூன் 16 அன்று, ஆணைகள் விலக்கப்படும் என்று லண்டன் நாடாளுமன்றத்தில் அறிவித்தார்கள். ஜூன் 18 அன்று அமெரிக்கா போர் அறிவித்தது! தந்தி இல்லாத காலம். செய்தி பாய்மரக் கப்பலில் கடல் தாண்ட வாரக்கணக்கில் ஆகும்.

செய்தி வந்த பிறகும் போர் நிற்கவில்லை. மாலுமிகளைப் பிடிப்பதை விடுங்கள் என்றது அமெரிக்கா, பிரிட்டன் மறுத்தது. இதில் ஒரு வேடிக்கை: கப்பல்களைப் பறிகொடுத்த வணிகர்கள் நிறைந்த நியூ இங்கிலாந்துதான் இந்தப் போரை மிகவும் எதிர்த்தது. ஆதரவு பெரும்பாலும் தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்தது. அங்கே பலருடைய கண் கனடாவின் மீதும், பழங்குடியினரின் நிலத்தின் மீதும் இருந்தது.

1814 டிசம்பர் 24 அன்று கென்ட் நகரில் சமாதானம் கையெழுத்தானது. அந்த ஒப்பந்தத்தில் நடுநிலைக் கப்பல்களைப் பற்றியும் மாலுமிகளைப் பற்றியும் ஒரு வரிகூட இல்லை. அந்த ஏப்ரலிலேயே நெப்போலியன் முடி துறந்துவிட்டதால், பிரிட்டனுக்குக் கப்பல்களை மறிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிருந்தது. மறிக்கும் உரிமையை மட்டும் அது விட்டுக்கொடுக்கவில்லை.