எலிமருந்து வைத்த அறை
(ஜும்ஆவுக்குப் பின் ஆற்றிய உரை)

சம்பா நெல் மூட்டை வீடேறினால் எலியும் கூடவே ஏறும். மூட்டைக்கடியில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வைத்துவிட்டு, பக்கத்திலேயே பிள்ளைகளைப் படுக்க வைக்கிறோம். காற்றின் ஈரம் பட்டாலே அது விஷவாயுவாகும்.

அரசுத் துறையினரும் அனுமதி பெற்ற பூச்சி ஒழிப்பாளரும் தவிர வேறு யாரும் அதைக் கையாளக் கூடாது. கடைக்காரர் கொடுத்தார் என்பது சாக்கு. கேட்டு வாங்கியது நாம்தானே.

நிறுவனத்தார் வந்தாலும் கவனம் வேண்டும். 2024 நவம்பரில் குன்றத்தூரில், பூச்சி ஒழிப்பு ஆட்கள் எலிமருந்து வைத்த வீட்டில் ஏசி போட்டு உறங்கிய குடும்பத்தின் இரு பிள்ளைகள் இறந்தார்கள். அந்தப் பெற்றோரை நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

ஆகவே உரிமத்தைக் கேளுங்கள். என்ன மருந்து, அந்த அறையில் எப்போது படுக்கலாம் என்று எழுதி வாங்குங்கள். மூட்டையைச் சுவரை விட்டுத் தள்ளி, பலகை மேல் அடுக்குங்கள். எலிப்பொறி அறக்கட்டளையில் இருக்கிறது. அஸருக்குப் பின் வந்து எடுத்துச் செல்லலாம்.