மாங்கனியும் பூட்ஸும்

(காரைக்காலில் நடந்த பகுத்தறிவுப் பிரசாரக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேசுவதற்குக் "கொள்கை உறுதி" என்று தலைப்புக் கொடுத்திருக்கின்றார்கள். இந்தத் தலைப்பில் பேசுவது மிகவும் சுலபமான காரியமாகும். சாக்ரட்டீஸ் விஷம் குடித்தார், புரூனோ நெருப்பில் வெந்தார் என்று அரைமணி நேரம் சொன்னால் நீங்கள் கைதட்டுவீர்கள். நாமும் மாலையைக் கழற்றி மடித்துக்கொண்டு ஊர்போய்ச் சேரலாம். அதனால் உங்களுக்கும் நஷ்டமில்லை, நமக்கும் நஷ்டமில்லை. 2013ஆம் வருஷத்தில் பூனாவில் நரேந்திர தபோல்கரைச் சுட்டுக் கொன்றார்களே, அப்பேர்ப்பட்ட சோதனை நம்மில் அனேகருக்கு வரப்போவதில்லை. நமக்கு வருகிற சோதனையெல்லாம் நடுவீட்டில் வருகின்றது. தாயார் உருவத்திலும், மாமனார் உருவத்திலும், "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்கிற உருவத்திலும் வருகின்றது. ஆகவே அதைப் பற்றித்தான் பேச உத்தேசித்திருக்கின்றோம்.

உங்களூரில் ஆனி மாதம் பௌர்ணமியன்று மாங்கனித் திருவிழா நடக்கின்றது. பிச்சாண்டவர் வீதியில் வருகிறார். மாடியிலிருந்து மாம்பழங்களை வீசுகின்றார்கள். கீழே நிற்கிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பிடிக்கின்றார்கள். மாம்பழம் நல்ல பண்டந்தான். வீசாமல் கையிலே கொடுத்தால் இன்னும் நல்லது. நிற்க, இந்த விழாவுக்குக் காரணமான கதையைச் சேக்கிழார் சொல்லுகிறபடியே எடுத்துக்கொள்ளுவோம். நடந்ததா நடக்கவில்லையா என்கிற சண்டையே இன்று வேண்டாம்.

பரமதத்தன் என்ற வியாபாரி இரண்டு மாம்பழங்களை வீட்டுக்கு அனுப்பி வைக்கிறான். பசியோடு ஒரு சிவனடியார் வருகிறார். சோறு ஆகியிருக்கின்றது, கறி ஆகவில்லை. புனிதவதி ஒரு பழத்தை வைத்துச் சோறு போடுகிறாள். இதுவரையில் மிகவும் யோக்கியமான காரியம். சிவனடியார் என்பதை எடுத்துவிட்டுப் பசித்தவன் என்று வைத்துக்கொண்டால் நமக்கும் அவளுக்கும் ஒரு சண்டையும் இல்லை. பிறகு புருஷன் வந்து சாப்பிடுகிறான். ஒரு பழத்தைத் தின்றுவிட்டு இன்னொன்றையும் கொண்டுவா என்கிறான்.

தோழர்களே! அந்த இடத்தில் சொல்லவேண்டியது ஒரே ஒரு வார்த்தைதானே? "பசியென்று ஒருவர் வந்தார், அவருக்குப் போட்டுவிட்டேன்" என்பதுதானே? அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. எடுத்து வருகிறவளைப் போல உள்ளே போய், கடவுளை நினைத்து அழுது, ஒரு பழத்தை வரவழைத்தாள் என்று புராணம் சொல்லுகிறது. புருஷன் அடிப்பான், வைவான் என்று அதில் ஒரு எழுத்துக்கூட இல்லை. வையாத புருஷனிடத்திலேயே சொல்ல முடியவில்லை. தான் செய்த நல்ல காரியத்தைத் தன் வீட்டில், தன் வாயால், "நான் செய்தேன்" என்று சொல்ல ஒரு ஸ்திரீக்கு முடியாமற் போய், அதற்கு ஆகாயத்திலிருந்து பழம் விழவேண்டியதாயிற்று. பழத்தின் ருசி வேறாயிருக்கிறதே, ஏது என்று அவன் கேட்டபின் அவள் உண்மையைச் சொன்னாள் என்பதையும் நாம் மறைக்கவில்லை. அப்படியானால் இன்னொன்று வரவழை பார்க்கலாம் என்றான். வந்தது, மறைந்தது. அவன் பயந்து கப்பலேறிப் போய், பாண்டிய நாட்டில் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். பிறகு இவளைக் கண்டதும் காலில் விழுந்தான். அவளோ சதையை உதறிவிட்டுப் பேயுருவம் எடுத்தாள்.

பசித்தவனுக்குச் சோறு போட்டவளுக்கு அவன் கும்பிடவில்லை. பழம் வரவழைத்தவளுக்குத்தான் கும்பிட்டான். ஊரும் அப்படியே செய்கின்றது. வீசுவது பழத்தைத்தானே ஒழிய, பசித்தவனுக்குப் போட்டதை யார் கொண்டாடுகிறார்கள்? அவளைக் குறைசொல்ல நாம் வரவில்லை. வாய் திறக்க முடியாமல் வைத்திருந்த ஒரு பெண்ணிடம், ஏன் உனக்குத் தைரியமில்லை என்று கேட்பது நமக்கு அழகல்ல. ஆனால் கையில் சம்பளமும் மேடையில் மாலையும் உள்ள ஆண்பிள்ளைகளாகிய நாம், வீட்டுக்குள் நுழைந்ததும் அவளைவிடப் பயந்து சாகிறோமே, அதற்கு என்ன சமாதானம்?

இனி பூட்ஸ் விஷயத்துக்கு வருவோம். இது புராணமல்ல. புதுச்சேரியில் பொன்னுத்தம்பி பிள்ளை என்று ஒரு வக்கீல் இருந்தார். கோர்ட்டுக்குள் வெள்ளைக்காரன் பூட்ஸோடு போகலாம்; நம்மவன் காலைக் காட்டிக்கொண்டுதான் போகவேண்டும். அதற்கு மரியாதை என்று பெயர். 1873இல் பொன்னுத்தம்பி பிள்ளை பூட்ஸ் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் போனார். நீதிபதி கோபித்துக்கொண்டார், தண்டனையும் வந்தது. அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பூட்ஸை வாசலில் விட்டுவிட்டு, கட்சிக்காரனிடம் பீஸ் வாங்கிக்கொண்டு சுகமாக இருந்திருக்கலாம். "காலில் என்ன இருக்கிறது, எல்லாம் மனத்தில்தானே இருக்கிறது" என்று வேதாந்தமும் பேசியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் வழக்கைக் கொண்டுபோய் ஜெயித்தார். ஒரு ஜோடி பூட்ஸுக்காக எவ்வளவு பணம், எவ்வளவு நாள் என்று புத்திசாலிகள் அன்றைக்கும் சிரித்திருப்பார்கள். ஆனால் அந்தக் கோர்ட்டின் வாசற்படியில் இனிமேல் எவனும் காலணியைக் கழற்ற வேண்டியதில்லை என்று ஆயிற்று.

அதோடு அவர் நிற்கவில்லை. 1881ஆம் வருஷம் செப்டம்பர் 21ந்தேதி பிரஞ்சு சர்க்கார் ஒரு உத்தரவு போட்டார்கள். எந்த இந்தியனும் தன் ஜாதி, மதவழக்கச் சட்டங்களைக் கைவிட்டதாகக் கையெழுத்துப் போட்டு, குடும்பப் பெயர் ஒன்றும் வைத்துக்கொண்டால், அவன் பிரஞ்சு சிவில் சட்டத்துக்கு உட்பட்டவனாவான். மறுபடி பின்வாங்க முடியாது என்பது அந்த உத்தரவு. அதன்படி முன்வந்து கையெழுத்துப் போட்டவர் அதே பொன்னுத்தம்பி பிள்ளை. "பிள்ளை"யை விட்டுவிட்டு "லா போர்த்து" என்று பெயர் வைத்துக்கொண்டார். பிரஞ்சில் அதற்குக் கதவு என்று அர்த்தம். ஜாதிப் பட்டத்தை வெட்டுவதற்கு நம் இயக்கம் தோன்றுவதற்கு நாற்பது வருஷங்களுக்கு முன்பே இந்தப் பக்கத்தில் ஒருவர் அதைச் செய்தார் என்பதை நம் வாலிபர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் மேல்ஜாதிக்காரர்கள் இதை எவ்வளவு பலமாக எதிர்த்தார்கள் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

காரைக்காலிலும் அனேகர் கையெழுத்துப் போட்டார்கள். சைகோனுக்குக் கப்பலேறி உத்தியோகம் பார்த்தவர்களில் இப்படிப்பட்டவர்கள் உண்டு. இன்றைக்கும் அவர்கள் சந்ததியார் உங்களிடையே இருக்கின்றார்கள். இங்கேதான் நாம் ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்லவேண்டியிருக்கின்றது. ஜாதியை விட்டேன் என்று ரிஜிஸ்டரில் எழுதியாயிற்று. பெண் கொடுக்கவும் எடுக்கவும் வந்தபோது, பல வீடுகளில் அந்தப் பழைய ஜாதியே பாயை விரித்து நடுவில் உட்கார்ந்துகொண்டது. சர்க்காருக்கு எதிரில் விட்டதைச் சமையலறையில் விட முடியவில்லை. நீதிபதியைவிட அத்தையும் பாட்டியும் பெரிய கோர்ட்டாக இருக்கின்றார்கள்!

அவர்களைச் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிடலாமா? 1928இல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் முதல் சுயமரியாதைத் திருமணத்தை நடத்தி வைத்தார். 1953இல் சென்னை ஐக்கோர்ட்டு இப்படிப்பட்ட திருமணம் செல்லாது என்று சொல்லிவிட்டது. 1967இல் அண்ணா அவர்களின் மந்திரிசபை சட்டம் செய்கிறவரைக்கும், ஏறக்குறைய நாற்பது வருஷம், நம் தாய்மார்கள் "தாலி கட்டாதவள்" என்கிற பேச்சையும், "பிள்ளைகளுக்குச் சொத்து வராது" என்கிற பயத்தையும் மடியில் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்தினார்கள். அது கொள்கை. இப்பொழுது சட்டமும் இருக்கிறது, மண்டபமும் இருக்கிறது, ஒலிபெருக்கியும் இருக்கிறது. நடப்பது என்ன? விடியற்காலை நாலரை மணிக்குப் பெண்வீட்டில் ஐயரை வைத்துத் தாலி கட்டி முடித்துவிடுகின்றார்கள். பத்து மணிக்கு மண்டபத்தில் நம்மைத் தலைமை தாங்கச் சொல்லுகின்றார்கள். புரோகிதருக்குத் தட்சிணை, நமக்கு மாலை! இப்படிப்பட்ட இரண்டு கல்யாணங்களில் நாமே தெரியாமல் தலைமை தாங்கி ஏமாந்திருக்கின்றோம். மூன்றாவதில் மணப்பெண்ணின் கழுத்திலே மஞ்சள் ஈரம் காயாமலிருப்பதைப் பார்த்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி வந்துவிட்டோம். மாப்பிள்ளை நல்ல பிரசங்கி. அதற்குப் பிறகு அவர் நம்மோடு பேசுவதில்லை.

அபிப்பிராயம் மாறக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. பக்கத்து நிரவியில் 1909இல் வாத்தியாராக வேலைக்கு வந்த பாரதிதாசன் 1926வரையிலும் மயிலம் சுப்பிரமணியர்மேல் துதிபாடிக்கொண்டிருந்தவர்தான். தவறென்று பட்டதும், சர்க்கார் சம்பளத்தில் இருந்துகொண்டே, மாற்றி எழுதினார். மாறுவது குற்றமல்ல. காலையில் ஒன்றும் பத்து மணிக்கு ஒன்றுமாக ஒரே நாளில் இரண்டு பேராக இருப்பதுதான் நமக்கு வெட்கமாயிருக்கின்றது.

2016ஆம் வருஷம் மார்ச்சு மாதம் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் என்னும் தாழ்த்தப்பட்ட வகுப்பு வாலிபரை, வேறு ஜாதிப் பெண்ணைக் கட்டிக்கொண்டதற்காக வெட்டிக் கொன்றார்கள். அவர் மனைவி கௌசல்யாவும் வெட்டுப்பட்டுப் பிழைத்தார். அந்தப் பெண் கோர்ட்டுக்கு வந்து தன் பெற்றோருக்கு எதிராகவே சாட்சி சொன்னார். 2017இல் கீழ்க்கோர்ட்டு தகப்பனார் உள்பட ஆறு பேருக்குத் தூக்கு என்றது. 2020இல் ஐக்கோர்ட்டு தகப்பனாரை விடுதலை செய்தது. கோர்ட்டுகள் சொன்னது அவர்கள் பொறுப்பு. நாம் நினைத்துப் பார்ப்பது, சாட்சிக் கூண்டில் ஏறின அந்தப் பெண்ணின் வயதை. இருபதை ஒட்டிய வயது. நமக்கு நாற்பதுக்குமேல் ஆகிவிட்டது. நம் மாமனார் வீட்டுத் திதிக்கு வரமாட்டோம் என்று சொல்ல நமக்கு ஆறு வருஷம் பிடித்தது.

கூட்டத்திலிருந்து ஒரு சீட்டு வந்திருக்கின்றது. படிக்கிறோம். "வருகிற தை மாதம் எனக்குக் கல்யாணம். ஐயர் வேண்டாம் என்றால் என் தாயார் சாப்பிட மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?"

இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். சிரிக்கிறவர்கள் யாரும் தாயாரோடு சண்டை போட்டவர்களாக நமக்குத் தோன்றவில்லை. நமது தகப்பனார் இறந்தபோது மொட்டையடித்துக்கொள்ள மாட்டோம், கருமாதி செய்யமாட்டோம் என்று சொன்னோம். தம்பி செய்தார். தாயார் நம்மைத் திட்டவில்லை. நம் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை. வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை போய்த் தம்பி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்து வருவோம். பதினாலு மாதம் அப்படி நடந்தது. ஒருநாள் வெற்றிலை இடித்துக் கொடு என்றார். இடித்துக் கொடுத்தோம். கடைசிவரையில் அவர் நம் கொள்கையை ஒப்புக்கொள்ளவில்லை. நாமும் அவர் இஷ்டப்பட்ட சடங்கைச் செய்யவில்லை. எல்லாத் தாய்மார்களும் வெற்றிலை கேட்பார்கள் என்று நாம் உறுதி சொல்ல முடியாது. தை மாதம் வரையில் காத்திராமல், இன்று ராத்திரியே வீட்டுக்குப் போய்த் தாயாரிடம் சொல்லிவிடுங்கள். கல்யாணத்துக்கு முதல்நாள் சொன்னால் அது கொள்கையாகாது, கலாட்டாவாகத்தான் ஆகும்.

ஆனால் தோழரே, உங்கள் சீட்டை இரண்டு தரம் படித்துப் பார்த்தோம். ஐயர் இருக்கிறார், தாயார் இருக்கிறார், நீங்கள் இருக்கிறீர்கள். மணப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையே? அந்தப் பெண்ணுக்கு ஐயர் வேண்டுமா, வேண்டாமா? இந்தக் கல்யாணமே வேண்டுமா? அதை நீங்கள் கேட்டீர்களா? பதிலை இன்னொரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். திருவாரூர் பஸ் ஒன்பதரை மணிக்குத்தான். அதுவரை நாம் இங்கேயே இருப்போம்.