பந்தியில் அமர்ந்தால் போதுமா?

இந்தியாவில் திட்டம் தீட்டுவது டில்லி. பள்ளிக்கூடம், மருத்துவமனை, வாய்க்கால் ஆகியவற்றைப் பெரும்பாலும் நடத்துவது மாநிலங்கள். இரண்டையும் இணைப்பது பணம்.

1950-இல் திட்டக் குழு அமைந்தது. 1952-இல் பிரதமரும் முதலமைச்சர்களும் ஒன்றாக அமரும் தேசிய வளர்ச்சி மன்றம் உருவானது. ஆனாலும், எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்பதில் மனக்கசப்பு நீடித்தது. 1969-இல் காட்கில் சூத்திரம் வந்தது. சிறப்புப் பிரிவு மாநிலங்களுக்கு ஒதுக்கியது போக, எஞ்சிய திட்ட உதவியில் 60 விழுக்காடு மக்கள்தொகைப்படி பிரிக்கப்பட்டது. கையேந்திய மாநிலங்கள் கணக்குக் கேட்கத் தொடங்கின.

2015-இல் திட்டக் குழு போய், நிதி ஆயோக் வந்தது. அதன் ஆட்சி மன்றத்தில் முதலமைச்சர்களுக்கு இடமுண்டு. ஆனால் பணத்தைப் பங்கிடும் அதிகாரம் அந்த அமைப்புக்கு இல்லை. அதே ஆண்டு, 14-வது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி, மத்திய வரிகளில் மாநிலங்களின் பங்கு 32 விழுக்காட்டிலிருந்து 42 விழுக்காடானது. அடுத்த குழு அதை 41 ஆக்கியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் செஸ், கூடுதல் வரி என்ற பெயரில் மத்திய அரசாங்கம் வசூலிக்கும் பணம் இந்தப் பங்கீட்டுக்குள் வராது.

பந்திக்கு அழைத்து ஓட்டை இலை போட்டால் அது விருந்தாகுமா? கூட்டாட்சியில் ஒத்துழைப்பு என்பது ஒன்றாக அமர்வது மட்டுமல்ல. எல்லாருக்கும் தெரிந்த கணக்கில் பங்கிடுவதும்தான்.