அட்டவணை எங்கே குடியிருக்கிறது?



அச்சுக்கோப்பாளர் ஒருவரின் நினைவாக நடக்கும் பொழிவு இது. அட்டவணை கோப்பதில் பாதி எழுத்து வேலை, பாதி வெற்றிட வேலை. பித்தளை ரூலும் ஈயத்துண்டும் அளவு தப்பினால், சட்டத்தை இறுக்கும்போது எழுத்து உதிரும். அந்தக் கைகளுக்குத் தெரிந்திருந்த ஒன்றைக் கணினி நெடுநாள் தேடியது: ஆவணத்துக்குள் அட்டவணைக்கு எது இடம்?

2002இல் வந்த இரண்டு மென்பொருள்கள் எதிரெதிர் விடை தந்தன. குவார்க் எக்ஸ்பிரஸ் 5, பக்கத்தின்மேல் தனியே வரையும் பெட்டியாக அட்டவணையை வைத்தது. இன்டிசைன் 2.0 அதை உரையோட்டத்துக்குள்ளேயே இருத்தியது. அங்கே மேலே நான்கு வரி கூடினால் அட்டவணையும் இறங்கும். இடம் போதாவிட்டால் அடுத்த சட்டத்துக்குப் போய்த் தொடரும். நான் இன்டிசைன் பக்கம் நிற்கிறேன். மூன்றாம் மெய்ப்பிலும் ஆசிரியர் ஒரு பத்தி சேர்ப்பார். பெட்டி அசையாது, உரை மட்டும் நகரும். பிறகு விளக்கம் ஒரு பக்கத்திலும் அட்டவணை இன்னொரு பக்கத்திலுமாகக் கிடக்கும்.

கோப்பு வடிவங்களிலும் இதே கேள்வி உண்டு. ஆர்டிஎஃப் வடிவத்தில் அட்டவணை என்ற முழுப்பொருளே இல்லை. வரிசைகள் உண்டு, ஒவ்வொரு பத்தியும் ‘நான் அட்டவணைக்குள் இருக்கிறேன்’ என்ற குறியைச் சுமக்கும். அட்டவணைக்குள் அட்டவணை வேண்டும் என்றபோது புதுக் குறிகளை ஒட்டுப்போட நேர்ந்தது. பின்னால் வந்த டாக்எக்ஸ் வடிவில் அட்டவணை பத்திக்குச் சமமான உறுப்பு. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு பத்தியாவது இருந்தாக வேண்டும். வெற்றுக் கட்டத்துக்கும் அது பொருந்தும். வீண் கெடுபிடியாகத் தோன்றலாம். ஆனால் கட்டமும் ஒரு சிறு ஆவணமே என்று ஒப்புக்கொள்ளும் விதி அது. சரியான முடிவு.

நெடுவரிசைக்குத்தான் வீடில்லை. எச்டிஎம்எல், டாக்எக்ஸ் இரண்டிலும் கட்டங்கள் வரிசைக்குச் சொந்தம். நெடுவரிசைக்கு அகலம் போன்ற பண்புகளே மிச்சம். அதனால் ஒரு நெடுவரிசையை நீக்க எல்லா வரிசைகளிலும் கைவைக்க வேண்டும். (தமிழில் ‘பத்தி’ என்ற ஒரே சொல் பாராவையும் நெடுவரிசையையும் குறிப்பதால், இதை வகுப்பில் விளக்குவது எனக்கு இன்றும் கடினம்.)

அகலக் கணக்கில்தான் தமிழ் அடிபடுகிறது. 1996இல் டேவ் ரேகெட் எழுதிய எச்டிஎம்எல் அட்டவணைக் குறிப்பு, தானாக அகலம் வகுக்கும் முறையொன்றை விவரித்தது. அதன்படி, உடைக்க முடியாத மிக நீளமான சொல்லே நெடுவரிசையின் குறைந்தபட்ச அகலம். ஆங்கிலத்தில் பல சொற்களாகப் பிரிவது நமக்கு ‘மேற்கொள்ளப்பட்டவற்றிலிருந்து’ என்று ஒரே சொல்லாக நிற்கும். அந்த ஒரு நெடுவரிசை வீங்க, மற்றவை நசுங்கும். கட்டத்துக்குள் அசை பிரித்து வரி மடக்கும் வசதி தமிழுக்கு அலங்காரம் அன்று, அடிப்படைத் தேவை.

மென்பொருள் எழுதும் இளைஞர்களே, உங்கள் சோதனைக் கோப்பில் அந்த ஒரு சொல்லை ஒரு கட்டத்தில் இட்டுப் பாருங்கள்.