ஆர்முடுகலும் நேர்கோட்டியக்கமும்



விரைந்து செல்லும் பொருள் யாவும் ஆர்முடுகலுடன் செல்கின்றன என்று எண்ணுவோர் பலர். மாணாக்கர் மட்டுமன்றி, கற்றோருஞ் சிலவேளை வேகத்தையும் ஆர்முடுகலையும் ஒன்றெனவே கொள்வர். யான் கலைப் பட்டதாரி. பௌதிகவியலைத் துறைபோகக் கற்றவனல்லேன். எனினும், இவ்வேறுபாடு ஆய்வுகூடத்துக்கு மட்டும் உரியதன்று. வீதியிற் செல்லும் ஒவ்வொருவரும் அறியவேண்டியது.

1956ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய யாழ்தேவியை அறியாதார் நம்மிடையே இலர். 1990இல் போரினால் நின்றுபோன அப்புகைவண்டி, 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் வந்தது. அத்தகைய வண்டியொன்று ஆனையிறவுச் சமவெளியில், நேரான பாதையில், மணிக்கு 72 கிலோமீற்றர் வீதம் மாறாது ஓடுவதாகக் கொள்வோம். செக்கனுக்கு 20 மீற்றர் வேகம். ஆனால் அதன் ஆர்முடுகல் யாது? பூச்சியம்! வேகம் மாறவில்லையாதலின் ஆர்முடுகலும் இல்லை. அதே வண்டி நிலையத்திலிருந்து புறப்பட்டு, 100 செக்கனில் அவ்வேகத்தைச் சீராக அடையுமாயின், செக்கன்தோறும் அதன் வேகம் 0.2 மீற்றர் கூடுகின்றது. இவ்வாறு வேகம் மாறும் வீதமே ஆர்முடுகல். வேகம் குறைந்து வருவதை அமர்முடுகல் என்போம். தமிழகத்து நூல்கள் ஆர்முடுகலை முடுக்கம் என்றும், நாம் கதி என்பதை வேகம் என்றும், நாம் வேகம் என்பதைத் திசைவேகம் என்றும் கூறும். இருநாட்டு நூல்களையும் பயிலும் பிள்ளைகள் இதனை மனத்திற் கொள்ளவேண்டும்.

வேகத்துக்குத் திசையும் உண்டு. வளைவிலே வண்டி ஒரே கதியிற் சென்றாலும் திசை மாறுவதால் ஆர்முடுகல் உண்டாகும். நேர்கோட்டிலோ முன், பின் என்னும் இரண்டே திசைகள். ஆதலினாற்றான் பாடநூல்கள் நேர்கோட்டியக்கத்தை முதலில் வைக்கின்றன.

இனி, நம் பனங்கூடலுக்குள் நுழைவோம். ஏறத்தாழ 20 மீற்றர் உயரத்திலிருந்து ஒரு பனம்பழம் விழுகின்றது. காற்றின் தடையை நீக்கிப் பார்ப்பின், முதற் செக்கனில் அது 4.9 மீற்றர் விழும். இரண்டாஞ் செக்கனில் 14.7 மீற்றர் விழும். முன்னதன் மும்மடங்கு பின்னது. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என வளரும் இவ்வொழுங்கை, சாய்தளத்திற் குண்டுகளை உருட்டி ஆராய்ந்த இத்தாலிய அறிஞர் கலிலியோ, 1638இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். நிலத்தைத் தொடும்போது பழத்தின் வேகம் செக்கனுக்கு 19.6 மீற்றர், புகைவண்டியின் வேகத்துக்குச் சற்றே குறைவு. வண்டி 100 செக்கனில் எய்தியதைப் பழம் இரண்டே செக்கனில் எய்திவிடுகின்றது! வேகம் ஏறக்குறைய ஒன்று. ஆர்முடுகலோ 49 மடங்கு.

இக்கணக்கு உயிரையுங் காக்க வல்லது. 72 கிலோமீற்றர் கதியில் வரும் வண்டியைச் சாரதி தடுத்து, செக்கன்தோறும் வேகத்தை 0.5 மீற்றர் வீதங் குறைத்தால், அது நிற்க 40 செக்கன் செல்லும்; அதற்குள் 400 மீற்றர் ஓடிவிடும். வேகம் இரட்டித்தால் நிற்குந் தூரம் இரட்டிப்பதன்று, நான்கு மடங்காகும். துவிச்சக்கர வண்டியோ சில மீற்றரில் நின்றுவிடும். காவலற்ற புகையிரதக் கடவையில் நிற்கும் பிள்ளை, தன் வண்டியைப் போலவே புகைவண்டியும் நின்றுவிடும் என்று எண்ணுவது எத்துணைப் பேராபத்து! சாரதி கண்டாலும் நிறுத்த இயலாது. அவர் மனம் இரங்கினும் கணக்கு இரங்காது.

ஆகவே பெற்றோரே, ஆசிரியரே, சமன்பாட்டை மனனஞ் செய்விப்பதோடு அமையாது, பிள்ளைகளைக் கடவைக்கு அப்பாற் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, வண்டி புறப்படுவதையும், ஓடுவதையும், நிற்பதையும் காட்டுங்கள். எப்போது வேகம் மாறுகின்றது, எப்போது மாறவில்லை என்று அவர்களையே சொல்லச் செய்யுங்கள். பின்னர், கடவையில் நின்று இருபுறமும் பார்த்துச் செல்லும் வழக்கத்துக்குக் காரணத்தை அவர்களே கூறுவர்.